கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்தச் சாம்பல் மை?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். கொழும்பு ஆடிவேல் தேர் ஊர்வலத்தில் எடுத்த இருபது படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக் கண்காட்சி வைக்கப் போகிறீர்கள். கையில் இருப்பது ஆறு நிற டாங்க் வைத்த எப்சன் எல்1800 பிரிண்டர். அதில் அடித்த படங்கள் பகலில் பச்சையாகவும் இரவில் விளக்கின் கீழ் இளஞ்சிவப்பாகவும் தெரிகின்றன. சாம்பல் மை உள்ள புதுப் பிரிண்டர் வாங்குவதா, இருக்கிற பிரிண்டரிலேயே சாம்பல் மைகளை நிரப்புவதா, நிரப்பினால் எத்தனை, எந்தச் சாயல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அறையில் பதினைந்து வருடமாகப் படம் அச்சடித்துக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் மையில்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்வது வேறு. எந்தத் தாளில் அடிப்பீர்கள், அது எந்த விளக்கின் கீழ் தொங்கும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். மை அதற்குப் பிறகுதான். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

செட்டியார் தெரு நகைக்கடைகளில் கல் பார்க்கப் பாவிக்கிற பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்றை எங்காவது இரவல் வாங்குங்கள். உங்கள் படத்தில் வானம் இருக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பல் என்று நீங்கள் நினைத்த இடத்தில் சாம்பலே இருக்காது. நீலப் புள்ளி, இளஞ்சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, இடையில் வெள்ளைத் தாள், அவ்வளவுதான். உங்கள் பிரிண்டரிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்பு. வெளிச்சமான பகுதியில் அந்தக் கறுப்பைத் தெளித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் பிரிண்டரை இயக்குகிற கணினி மென்பொருளான டிரைவர் மற்ற நிறங்களைக் கலந்து சாம்பலை உருவாக்குகிறது. மூன்று நிறமும் சரியான அளவில் விழுந்தால் கண்ணுக்குச் சாம்பல். ஒன்று இம்மி கூடினாலும் சாயல் வந்துவிடும். அளவு சரியாக விழுந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கலவை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் மஞ்சள் பல்பின் கீழ் வேறு மாதிரியும் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆங்கிலத்தில் மெட்டாமெரிசம் என்று கதைப்பது இதைத்தான். பெரிய கம்பனிகளும் இதில் அடிபட்டவைதான். 2000-இல் வந்த எப்சன் 2000பி பிரிண்டரின் படங்கள் பகல் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிகின்றன என்று அந்தக் காலத்தில் பெரிய முறைப்பாடே இருந்தது.

இதில் எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஒரு நண்பருக்காகப் பதினான்கு படங்களை நிறக் கலவைச் சாம்பலில் அடித்தேன். என் மேசையில் டியூப் லைட்டின் கீழ் ஒவ்வொன்றையும் வடிவாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். மண்டபத்தில் மாட்டி ஹலோஜன் விளக்கைப் போட்டதும் பதினான்கும் செப்பு நிறத்துக்குப் போய்விட்டன. திறப்பு விழாவுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நண்பரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

சரி, சாம்பல் மை என்ன செய்கிறது? கறுப்பையே ஐதாக்கித் தனியாக ஒரு குப்பியில் வைத்தால் அதுதான் சாம்பல் மை. 2005-இல் எப்சன் ஆர்2400, 4800 போன்ற பிரிண்டர்களோடு அல்ட்ராகுரோம் கே3 என்ற மையைக் கொண்டுவந்தது. அந்தப் பெயரில் இருக்கிற 3 என்பது மூன்று கறுப்பு: முழுக் கறுப்பு, ஐதான கறுப்பு, மிக ஐதான கறுப்பு. வானத்தை அடிக்க இனி நிறங்கள் தேவையில்லை. மிக ஐதான சாம்பலை நெருக்கமாகத் தெளித்தால் போதும், லூப் வைத்தாலும் புள்ளி தெரிவது கஷ்டம். கூடவே அட்வான்ஸ்ட் பிளாக் அண்ட் வைட் என்று ஒரு முறையையும் டிரைவரில் வைத்தார்கள். அதில் படத்தின் பெரும்பகுதியை மூன்று கறுப்புகளே சுமக்கின்றன. நிற மைகள் சாயலைத் திருத்தக் கொஞ்சமாக மட்டும் விழும். விளக்கு மாறினாலும் படம் பெரிதாக மாறாததற்கு அதுதான் காரணம்.

இனி சாயல். இதில்தான் ஆக்கள் கூடுதலாகக் குழம்புகிறார்கள்.

நல்ல கறுப்பு மையின் உயிர் கரி. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய கோட்டில் தடவிய விளக்குக் கரி, நூற்றாண்டுகள் போன பிறகும் கறுப்பாகவே நிற்கிறது. வெளிச்சத்துக்கு அசையாத பொருள் அது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. கண்மையை விரல் நுனியில் தொட்டு வெள்ளைத் தாளில் மெல்லியதாக இழுத்துப் பாருங்கள். தொடங்கிய இடம் கறுப்பு, இழுபட்டு மெலிந்த இடம் பழுப்பு. பிரிண்டர் மைக்கும் இதே கதைதான். கரியை ஐதாக்க ஐதாக்க அது பழுப்புப் பக்கம் சாயும். ஆகவே "நடுநிலைச் சாம்பல்" என்று விற்கிற எந்த மையிலும் கரியின் பழுப்பை ஈடுகட்டக் கொஞ்சம் நீலமும் ஊதாவும் கலந்திருக்கும். அப்படிக் கலக்கிற நிறமி கரியளவுக்கு வெளிச்சத்தைத் தாங்காது. அது முதலில் மங்கும், கரி நிற்கும், படம் மெதுவாகப் பழுப்புக்கோ வேறு சாயலுக்கோ நகரும். நடுநிலையும் குளிர்ச்சியும் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறீர்களோ, அவ்வளவுக்கு மங்கக்கூடிய பொருளை நம்பி இருக்கிறீர்கள்.

நல்ல கம்பனியின் நிறமி மையில் (கரையாத நுண்துகள்கள் மிதக்கிற மை) இந்த நகர்வு மிக மெதுவானது, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குப்பிகளுக்கு. ஒருக்கால் விலை குறைவாகக் கிடைத்தது என்று ஒரு விற்பனையாளரிடம் "நியூட்ரல் கிரே" செட் ஒன்று வாங்கினேன். நிறமி மை என்று சொல்லித்தான் தந்தார். அதில் ஒரு அப்பாச்சியின் படத்தை அடித்துக் கொடுத்தேன், மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். எட்டு மாதத்தில் முகம் சிவந்துவிட்டது. நிறமியால் அல்ல, கரைந்து நிற்கிற, வெளிச்சத்தில் சீக்கிரம் மங்குகிற சாயத்தால் சாயல் திருத்திய மை அது. வேறு மையில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து புது மை எதை வாங்கினாலும் ஒரு துண்டில் அடித்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மொட்டைமாடிக் கதவுக் கண்ணாடியில் ஒட்டி இரண்டு மாதம் விட்டுவிடுவேன். பிறகு மூடியை எடுத்தால் கோடு தெரிகிறதா இல்லையா என்பது எந்த விளம்பரத்தையும் விட நம்பிக்கையான பதில்.

அப்படியானால் சுத்தக் கரி மையே நல்லதா? மட் (பளபளப்பில்லாத) தாளில், பழுப்புச் சாயல் உங்கள் படத்துக்குப் பொருந்தும் என்றால், ஆம், அதைவிட உறுதியானது இன்க்ஜெட்டில் இல்லை. தீவெட்டி வெளிச்சம், மாலை நேரம், வியர்வை மினுங்குகிற முதுகுகள் எல்லாம் உள்ள ஆடிவேல் படங்களுக்கு அந்த இளஞ்சூடான சாயல் வடிவாகப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். மழைநாள் காலிமுகத்திடல் படங்கள் என்றால் குளிர்ந்த சாயலைத்தான் சொல்லியிருப்பேன்.

எத்தனை சாம்பல் என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் வெர்மொண்டில் இருக்கிற ஜோன் கோன், பியெசோகிராஃபி என்ற பெயரில் ஏழு படிநிலைக் கறுப்பு மைகள் வரை செய்து விற்றவர். அந்தப் படங்களின் நுணுக்கம் உண்மையிலேயே தனி. ஆனால் கைத்தூரத்தில் நின்று பார்க்கிற ஒருவருக்கு மூன்று கறுப்புக்கும் ஏழு கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை விட, நல்ல தாளுக்கும் சுமாரான தாளுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியும். மூன்றே போதும். எண்ணிக்கையை விட அந்த மூன்றின் இடைவெளி முக்கியம்.

மிக ஐதான சாம்பல் வானத்தையும் வேட்டியின் வெள்ளையையும் பார்த்துக்கொள்ளும். எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைப்பார்கள். நமக்கு அதே அளவு முக்கியமானது இருண்ட பக்கத்துச் சாம்பல். நம் ஆக்களின் தோல் நிறமும், எண்ணெய் பூசிய கருங்கல் விக்கிரகமும், தேர் மரத்தின் செதுக்கலும் சாம்பல் அளவில் (வெள்ளை 0, முழுக் கறுப்பு 100) அறுபதுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையில்தான் வந்து விழுகின்றன. அந்த இடத்தில் சாம்பல் முடிந்து முழுக் கறுப்பு திடீரென்று தொடங்கினால், கன்னத்தில் மிளகுத்தூள் தூவிய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். வெளிநாட்டுச் சோதனைப் படங்களில் வெளிர்த் தோல் முகங்களே அதிகம் என்பதால் இந்தக் குறை அவற்றில் அகப்படாது. ஒரு மைத் தொகுதியைச் சோதிக்கும்போது உங்கள் சொந்தப் படம் ஒன்றில் இருண்ட முகத்தைத் தேர்ந்தெடுத்து அடித்துப் பாருங்கள்.

தாளுக்கு வருவோம். பருத்தி மட் தாளில் எந்தக் கறுப்பு மையும் அடர்த்தி (கறுப்பின் ஆழத்தைச் சொல்லும் எண்) 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். பளபளப்பான அல்லது பரைட்டா (பழைய இருட்டறைத் தாள் போல மெல்லிய மினுக்கம் உள்ள) தாளில் 2.3-ஐத் தாண்டலாம். பழைய இருட்டறை வெள்ளி உப்புப் படங்கள் இரண்டுக்குச் சற்று மேல். எண்ணைப் பார்த்தால் மட் தாள் தோற்ற மாதிரி இருக்கும். சுவரில் அப்படி இல்லை. பளபளப்புத் தாளில் ஹலோஜன் விளக்கின் ஒளி வட்டம் விழுந்தால் அந்தக் கறுப்பு ஒன்றும் தெரியாது. மட் தாள் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி. ஆனால் இரவு ஊர்வலத்தின் ஆழமான கறுப்புத்தான் படத்தின் உயிர் என்றால், பரைட்டாதான் வேண்டும். பரைட்டா என்று முடிவெடுத்தால் வெளியார் கரி மைகளை விட்டுவிடுங்கள். நிறமி மை தாளின் மேலேயே உட்காருவதால், படத்தைச் சரித்துப் பார்க்கும்போது மை விழுந்த இடம் ஒரு மினுக்கமும் விழாத வெள்ளை இன்னொரு மினுக்கமுமாகத் தெரியும், கறுப்பில் வெண்கலப் பூச்சும் வரும். கம்பனிகள் இதற்கென்றே வழி செய்திருக்கின்றன. கெனன் புரோ-1000-இல் பன்னிரண்டு மைகளில் ஒன்று நிறமே இல்லாதது, குரோமா ஒப்டிமைசர் என்று பெயர், மினுக்கத்தைச் சமப்படுத்துவதற்காகவே இருக்கிறது.

புதுப் பிரிண்டர் என்றால் எப்சன் பி700, பி900 இரண்டிலும் பளபளப்புக்கும் மட்டுக்கும் தனித்தனிக் கறுப்போடு இரண்டு சாம்பல். கெனன் புரோ-1000-இலும் இரண்டு சாம்பல், புரோ-300-இல் ஒன்றுதான். கெனன் புரோ-200-இலும் இரண்டு சாம்பல் உண்டு, ஆனால் அது சாய மை. பளபளப்புத் தாளில் மிக அழகாக வரும், வெண்கலப் பூச்சே இராது. அல்பத்துக்கு நல்லது, வருடக்கணக்கில் சுவரில் தொங்கப்போகிற படத்துக்கு நான் பாவிக்கமாட்டேன். வாங்குமுன் குப்பியின் அளவையும் பாருங்கள். பி900-இல் 50 மில்லிலீற்றர், புரோ-1000-இல் 80, புரோ-300-இல் 14.4 மட்டுமே. 2022-இல் டொலர் ஏறியபோது சின்னக் குப்பிப் பிரிண்டர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எப்சனில் அந்தக் கறுப்பு வெள்ளை முறையைத் தெரிவு செய்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். பல மொடல்களில் டோன் என்ற இடத்தில் "டார்க்கர்" என்று தானாகவே இருக்கும். அதை "டார்க்" ஆக்கிப் பாருங்கள். இருண்ட முகங்கள் அடைபட்டுப் போவதாகச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் மருந்து.

இருக்கிற பிரிண்டரில் நிரப்புகிற வழி எப்சனுக்கு மட்டும்தான் பொருந்தும். கெனனின் அச்சுத் தலை, அதாவது மையைத் தெளிக்கிற பாகம், மையைச் சூடாக்கிக் குமிழியால் தள்ளுகிறது, அந்த மை அந்தச் சூட்டுக்கென்றே செய்யப்பட்டது. எப்சனின் தலையில் ஒரு படிகம் மின்சாரத்துக்கு வளைந்து மையைத் தள்ளும், சூடு இல்லை, அதனால் பலவகை மைகளைத் தாங்கும். நிறத் தாங்கிகளில் ஐதான கறுப்புகளை ஊற்றினால் சாதாரண டிரைவர் அதைக் குழப்பிவிடும். நீலம் என்று நினைத்துச் சாம்பலைத் தெளிக்கும். எந்தத் தாங்கியில் என்ன கறுப்பு என்று சொல்லிக் கொடுக்க ரோய் ஹரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள் வேண்டும். எப்சன் 1400, 1430 போன்ற ஆறு மைப் பிரிண்டர்களில் இப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர். போல் ரோர்க் என்பவர் கரி மையை ஐதாக்குகிற செய்முறைகளை எல்லோருக்கும் இலவசமாகவே எழுதி வைத்திருக்கிறார். உங்கள் மொடல் அந்த மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வழியை அதோடு மறந்துவிடலாம். இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொண்டுதான் இறங்கவேண்டும்: அந்தப் பிரிண்டர் இனிக் கலர் படம் அடிக்காது. குழாயில் ஊறின சாயத்தை முழுதாகக் கழுவுவதே பெரிய வேலை.

கரி மை அடியில் படியும். மூன்று கிழமை ஊருக்குப் போய்வந்து, தாங்கியை அசைக்காமல் அடித்தேன். நடுச் சாம்பல்கள் எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. படத்தின் கணினிக் கோப்பைத்தான் குறை சொல்லி அரை நாள் மினக்கெட்டேன். கிழமைக்கு ஒரு பக்கமாவது அடியுங்கள், குப்பியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், நுரை வரக் குலுக்கவேண்டாம்.

வெள்ளவத்தையில் கடலோரம் இருக்கிற உங்களுக்கு ஈரப்பதம் வேறு. திறந்த தாள் கட்டை மேசையில் விடாதீர்கள். ஈரம் குடித்த தாள் விளிம்பில் வளைந்து தலையில் உரசும், ஒரு கறுப்புக் கீறலோடு தாளும் போகும், சிலவேளை தலையும் போகும். பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பைகளோடு பூட்டி வையுங்கள். அடித்த படத்தை ஒரு நாள் காயவிட்டுத்தான் சாயலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவமழை நாட்களில் நான் இரண்டு நாள் விடுவேன். சட்டம் போட இன்னும் பொறுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் உட்பக்கம் புகை பிடித்த மாதிரி ஒரு படலம் வரும். கரண்ட் போனால் தலை திறந்தபடி நின்றுவிடுகிறது. 2022-இல் பதின்மூன்று மணி நேரம் வெட்டிய நாட்களில் இரண்டு தலைகளைக் காப்பாற்றியது ஒரு சின்ன யுபிஎஸ்தான், பிரிண்டரை ஒழுங்காக அணைத்து மூட அது போதும்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன்? இருபது படத்துக்காகப் பிரிண்டர் வாங்கமாட்டேன். அதே காசில் கொழும்பில் மூன்று கறுப்பு உள்ள பிரிண்டர் வைத்திருக்கிற ஒருவரிடம் நல்ல பருத்தித் தாளில் இருபதையும் அடித்து, மிச்சத்தைச் சட்டத்துக்கும் விளக்குக்கும் செலவழிப்பேன். கண்காட்சி முடிந்தபிறகும் மாதத்துக்குப் பத்துப் படமாவது அடிப்பேன் என்ற உறுதி இருந்தால் பி900. எல்1800-ஐக் கலருக்கே விடுவேன். மை நிரப்புகிற வழியில் ஆசை விடவில்லை என்றால், பழுதில்லாத பழைய 1430 ஒன்று கிடைத்தால் அதில் தொடங்குவேன், அதுவும் கரியின் பழுப்புச் சாயலோடேயே, நடுநிலையாக்க முயலாமல்.

ஆனால் எதைச் செய்யுமுன்னும் இது ஒன்றைச் செய்யுங்கள். வெள்ளையில் இருந்து கறுப்பு வரை ஐந்து ஐந்து சதவீதமாக ஏறுகிற இருபத்தொரு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை வரைந்து, அதன் பக்கத்தில் உங்கள் தேர் இழுக்கிற படம் ஒன்றைச் சின்னதாக வைத்து, நீங்கள் யோசிக்கிற ஒவ்வொரு மையிலும் தாளிலும் ஒரு துண்டு அடிப்பியுங்கள். எண்பத்தைந்தும் தொண்ணூறும் வேறு வேறாகத் தெரிகின்றனவா, ஐந்து சதவீதக் கட்டம் தாளில் இருந்து பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். காலை பத்து மணி ஜன்னலிலும் பாருங்கள், டியூப் லைட்டிலும் பாருங்கள். அப்புறம் அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு கண்காட்சி மண்டபத்துக்குப் போங்கள். படம் மாட்டப்போகிற உயரத்தில் சுவரில் ஒட்டி, அங்கே எரிகிற விளக்கையே போடச் சொல்லிக் கேளுங்கள். மண்டபக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். அந்தச் சுவரில் எது பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நிற்கிறதோ, அந்தத் துண்டின் பின்பக்கத்தில் மையின் பெயரையும் தாளின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளை என்னிடம் கொண்டுவந்தால் நானும் லூப் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.